வளரும் அணியின் ரசிகர்

கால்பந்து ரசிகர்கள் இரண்டு வகைப்படுவர். ஜெயிக்கிற அணியின் ரசிகர் முதல் வகை. இவர் எல்லா ஊரிலும் உண்டு. ஆராய்ச்சிக்கு உகந்தவர் அல்லர். இரண்டாம் வகை, வளரும் அணியின் ரசிகர். இவருடைய அணி இந்த வருஷம் ஜெயிக்காது. அது இவருக்கும் தெரியும். கேட்டால், "ரெண்டு வருஷம் கழிச்சுப் பாரு மக்கா, இவனுவ ஆராக்கும்னு தெரியும்" என்பார். இதையே போன வருஷமும் சொன்னார். கன்னியாகுமரி மாவட்டத்தின் மேற்குக் கடற்கரையில், தேங்காய்ப்பட்டணம் முதல் நீரோடி வரையான ஊர்களில், இவ்வகை ரசிகர் அடர்த்தியாகக் காணப்படுகிறார்.

குழித்துறைத் தாமிரபரணி அரபிக்கடலில் விழும் இடம் தேங்காய்ப்பட்டணம். பொழிமுகத்துக்கு அந்தப் பக்கம் இரையுமன்துறை. அதற்கு மேற்கே பூத்துறை, தூத்தூர், சின்னத்துறை, இரவிபுத்தன்துறை, வள்ளவிளை, மார்த்தாண்டன்துறை, நீரோடி என்று ஊர்கள் ஒன்றையொன்று ஒட்டிக்கொண்டு கேரள எல்லை வரை போகின்றன. ஆழ்கடல் மீன்பிடிப்புக்குப் பெயர் பெற்ற இந்தக் கரையின் இரண்டாவது தொழில் கால்பந்து. ஒவ்வொரு ஊரிலும் பந்து களிக்க ஒரு மைதானம், களிப்பவர்களுக்கு ஒரு கிளப், அதைக் குறை சொல்ல ஒரு சாயக்கடை ஆகிய மூன்றும் இருக்கும். மைதானம் இல்லாத இடத்தில் கடற்கரை மணல் போதும். கடல் வருஷா வருஷம் கரையைத் தின்பதால் அந்த மணலும் சுருங்கிக்கொண்டே வருகிறது. மைதானம் சுருங்கியதால் ரசிகர் எவரும் வீட்டுக்குத் திரும்பிப் போனதாகத் தெரியவில்லை.

இவரை ஆண்டு முழுவதும் பார்க்கலாம் என்றாலும் உச்ச பருவம் ஜூன் 1 முதல் ஜூலை 31 வரை. மேற்குக் கடலில் விசைப்படகுகளுக்கு மீன்பிடித் தடையுள்ள 61 நாட்கள் அவை. கடலுக்குப் போனவர்கள் கரையில் இருப்பார்கள், மழை பெய்யும், வேலை இருக்காது, கருத்து இருக்கும். உலகக் கோப்பை பெரும்பாலும் இதே மாதங்களில் வருவதைத் தற்செயல் என்று இவர் நம்புவதில்லை. 2022-இல் கத்தாரில் அதை நவம்பர் 20-இல் தொடங்கி டிசம்பர் 18-இல் முடித்தார்கள். வெயிலை முன்னிட்டுச் செய்த ஏற்பாடு என்று உலகம் அதை ஏற்றுக்கொண்டது. நல்ல மீன் படுகிற காலத்தில் இப்படிச் செய்தது ஆழ்கடல் தொழிலாளருக்கு எதிரான முடிவு என்பது சாயக்கடைத் தீர்ப்பு.

இந்த ரசிகர்களுக்குள் சில உட்பிரிவுகள் உண்டு.

முதலில் வருபவர் கண்டுபிடிப்பாளர். எந்தப் பையன் பெயரெடுத்தாலும் அவனை முதலில் கண்டவர் இவரே. இரவிபுத்தன்துறையின் மைக்கேல் சூசைராஜ் சென்னை சிட்டி அணியில் ஆடி, இந்தியன் சூப்பர் லீக் (ஐ.எஸ்.எல்.) கிளப்புகளுக்குப் போய், 2019 ஜூனில் தாய்லாந்தில் நடந்த கிங்ஸ் கோப்பையில் இந்தியச் சட்டை அணிந்தார். அவரைச் சிறு வயதிலேயே கண்டறிந்து, "இவன் இந்தியாவுக்கு ஆடுவான்" என்று சொன்னதாக இன்று உரிமை கோருகிறவர்களை ஒரே விசைப்படகில் ஏற்ற முடியாது. அப்படிச் சொன்ன ஒவ்வொருவரும் தனியாக இருந்தபோதுதான் சொன்னார் என்பதால் சாட்சி கிடையாது.

இரண்டாமவர் முட்டி போனவர். இவர் பழைய ஆட்டக்காரர். மாநில அணிகள் மோதும் சந்தோஷ் டிராபிக்குப் போயிருக்க வேண்டியவர். தேர்வுக்கு முந்தின நாள் சாயந்தரம் முட்டி போய்விட்டது. இந்தக் கரையில் போன முட்டிகள் எல்லாம் தேர்வுக்கு முந்தின நாள் சாயந்தரமே போயிருக்கின்றன. மருத்துவ உலகம் இன்னும் இதைக் கவனிக்கவில்லை. இளம் வீரர்களைப் பற்றி இவர் சொல்வது ஒன்றே: "கொள்ளாம், நல்லா களிக்கான். ஆனா எங்க காலத்துல இவன் பந்து பெறக்கிப் போடத்தான் நின்னிருப்பான்."

மூன்றாமவர் வயதுக் கணக்கர். அணியின் பெருமையை இவர் கோல் கணக்கில் சொல்வதில்லை, வயதுக் கணக்கில் சொல்வார். "கோல்கீப்பருக்குப் பதினேழு. ரெண்டு ஸ்டாப்பருக்கும் பதினெட்டு. லெப்டு விங்கு பயலுக்குப் பதினாறுதான், கேட்டியளா?" இந்த லெப்டு விங்கு பயலுக்குப் போன வருஷமும் பதினாறு, மீசை வந்துவிட்டது, வயது வரவில்லை. வயதைக் கண்டுபிடிக்க மணிக்கட்டு எலும்பைப் படம் எடுத்துப் பார்க்கும் சோதனையை அகில இந்தியக் கால்பந்துக் கூட்டமைப்பு நடத்துவது இவருக்குத் தெரியும். எலும்பு கொஞ்சம் அவசரப்பட்டு முற்றியிருக்கிறது என்பது இவருடைய விளக்கம்.

நான்காமவர் தந்திர நிபுணர். இரவு ஒன்றரை மணிக்கு ஐரோப்பிய ஆட்டம் பார்ப்பவர். ஹை பிரஸ், ஃபால்ஸ் நைன், இன்வெர்ட்டட் ஃபுல்பேக் என்றுதான் பேசுவார். பக்கத்து ஊர்த் திருவிழாவில் நடப்பது பக்கத்துக்கு ஏழு பேர் ஆடும் செவன்ஸ். அதில் ஃபுல்பேக் என்று ஒருவனைத் தனியாகப் பிடிப்பதே கஷ்டம், அவனை இன்வெர்ட் செய்வது அதைவிடக் கஷ்டம். இவர் சொன்ன திட்டத்தைப் பயிற்சியாளர் ஏற்காததால்தான் தோற்றோம் என்று ஒவ்வொரு தோல்விக்குப் பின்னும் இவர் நிறுவுவார். பயிற்சியாளருக்கு அந்தத் திட்டம் கடைசி வரை தெரிவிக்கப்பட்டிருக்காது.

ஐந்தாமவர் வளைகுடாக்காரர். இவர் உடலால் துபாயிலோ தம்மாமிலோ இருப்பார். ஆட்டம் முடிந்த ஐந்தாவது நிமிஷம் இவருடைய குரல் வாட்ஸப்பில் வரும். ஜெர்சிக்கும் பந்துக்கும் பணம் அனுப்புகிறவர் என்பதால் அந்தக் குரலை எல்லாரும் முழுதாகக் கேட்பார்கள். அணியைப் பற்றிய இவருடைய கருத்துகள் நடுநிலையானவை. பதினோராவது ஆளாகத் தன் தங்கை மகனைச் சேர்க்க வேண்டும் என்பதில் மட்டும் விட்டுக்கொடுக்க மாட்டார்.

ஆறாமவர் நம்பாதவர். "இதொண்ணும் தேறாது" என்று சொல்வதே இவருடைய பணி. இவர் இல்லாவிட்டால் மற்ற ஐந்து பேரும் ஒரே கருத்தாகிப் பத்து நிமிஷத்தில் எழுந்து போய்விடுவார்கள். சாயக்கடைக்கு வியாபாரம் நடக்காது. ஆகவே கடைக்காரர் இவருக்கு மட்டும் கடன் சொல்ல அனுமதிப்பது வழக்கம்.

இவர்களுடைய விவாதம் பெரும்பாலும் மாலை ஐந்து மணிக்குப் பயிற்சி ஆட்டம் தொடங்கும்போது தொடங்கும். ஆட்டம் முடிந்து மூன்று மணி நேரம் கழிந்தும் முடியாது. அதன் போக்கு வருமாறு:

"காக்கா, நம்ம லெப்டு விங்கு பயல பாத்தியளா? பந்து காலுல ஒட்டிட்டுல்லா கெடக்கு."

"ஒட்டத்தான் செய்யும் மக்கா. அடுத்தவனுக்குக் குடுத்தாத்தானே விடும்?"

"அது வயசு. ரெண்டு வருஷத்துல சரியாவும்."

"முந்தாநாள் மூணு கோலு வாங்கியாச்சே?"

"மூணும் ஆரு அடிச்சது? அவனுவளுக்க டீமுல ரெண்டு பேரு கஸ்டம்ஸு. நம்ம பிள்ளைய பிளஸ் டூ. மூணோட நின்னுதே, அதப் பாருங்க."

இந்தக் கடைசி வரி கவனிக்கத் தக்கது. வளரும் அணிக்குத் தோல்வி என்று ஒன்று கிடையாது. ஒரு கோலில் தோற்றால் ஜெயிக்க வேண்டிய ஆட்டம். மூன்று கோலில் தோற்றால் அனுபவம். ஆறு கோலில் தோற்றால் எதிர் அணி வெளியூரிலிருந்து ஆள் இறக்கியிருக்கிறது. நடுவர் எந்த ஊர்க்காரர் என்ற கேள்வி இம்மூன்றுக்கும் பொது.

'நம்ம டீம்' என்பதன் எல்லையும் இடத்துக்கு இடம் மாறும். பக்கத்து ஊரோடு ஆடும்போது அது சொந்த ஊர் மட்டும். அண்ணன் தம்பி என்றாலும் பொழிக்கு அக்கரையில் பெண் எடுத்தவன் சந்தேகத்துக்கு உரியவன். நாகர்கோவிலில் ஆடும்போது கரை முழுவதும் நம்ம டீம். சென்னையில் ஆடும்போது குமரி மாவட்டம் முழுவதும். ஐ.எஸ்.எல். வந்துவிட்டால் மட்டும் இந்த ஒழுங்கு குலைந்துவிடும்.

அதற்குக் காரணம் வரலாறு. திருவிதாங்கூரின் பகுதியாக இருந்த இந்த நிலம் 1956 நவம்பர் 1-இல் அன்றைய சென்னை மாநிலத்தோடு சேர்ந்தது. வரைபடத்தில் கோடு மாறியது, தூரம் மாறவில்லை. தேங்காய்ப்பட்டணத்திலிருந்து திருவனந்தபுரம் 50 கிலோமீட்டருக்குள். சென்னை 700 கிலோமீட்டருக்கு மேல். 2014-இல் ஐ.எஸ்.எல். தொடங்கியபோது சென்னையின் எஃப்.சி., கேரளா பிளாஸ்டர்ஸ் இரண்டும் ஒரே நேரத்தில் பிறந்தன. ஒரே வீட்டில் அண்ணன் நீலச் சட்டையும் தம்பி மஞ்சள் சட்டையும் போட்டுக்கொண்டார்கள். சென்னையின் எஃப்.சி. 2015-இலும் 2018-இலும் கோப்பை வாங்கியது. பிளாஸ்டர்ஸ் 2014, 2016, 2022 என மூன்று முறை இறுதி ஆட்டம் வரை வந்து மூன்று முறையும் தோற்றது. கடைசி இரண்டும் பெனால்டியில். வளரும் அணியின் ரசிகருக்கு இதில் எது பொருத்தமான அணி என்று சொல்லத் தேவையில்லை. வாங்கிய கோப்பையைப் பற்றி அண்ணனுக்குப் பேச இரண்டு நாள் விஷயம் இருந்தது. வாங்காத மூன்று கோப்பைகளைப் பற்றித் தம்பி இன்னும் பேசிக்கொண்டிருக்கிறார்.

2020 மார்ச் 14-இல் அண்ணனுக்கும் சோதனை வந்தது. அன்று கோவாவின் ஃபடோர்டா மைதானத்தில் ஐ.எஸ்.எல். இறுதி ஆட்டம். கொரோனாவுக்காகப் பார்வையாளர் இல்லாமல் கதவை மூடி நடத்தினார்கள். ஒரு பக்கம் சென்னையின் எஃப்.சி. மறுபக்கம் கொல்கத்தாவின் ஏ.டி.கே. அந்த ஏ.டி.கே. அணியில் சூசைராஜ். மாநிலமா, கரையா? ஏ.டி.கே. 3-1 என்று ஜெயித்தது. எந்தப் பக்கம் கத்தினாய் என்று அண்ணனிடம் யாரும் கேட்கவில்லை. மைதானத்தில் கூட்டம் இல்லாதது நல்லதாகப் போயிற்று என்றார் அவர். அதே வருஷம் நவம்பர் 20-இல் அடுத்த பருவத்தின் முதல் ஆட்டம்; ஏ.டி.கே., மோகன் பகானோடு இணைந்து ஏ.டி.கே. மோகன் பகான் ஆகி, பிளாஸ்டர்ஸுடன் மோதியது. தொடக்கத்திலேயே சூசைராஜுக்கு முட்டியில் அடிபட்டு வெளியே போக வேண்டியதாயிற்று. அன்று மஞ்சள் சட்டைத் தம்பியும் டி.வி.யை அணைத்துவிட்டார். முட்டி போனவர் மட்டும் அன்றிரவு முழுதும் பேசினார். முதல் முறையாக யாரும் அவரைப் பார்த்துச் சிரிக்கவில்லை.

இனி, இந்தக் கரையின் அணிகள் எப்போதும் வளரும் அணிகளாகவே இருப்பது எப்படி என்பது விளக்கப்பட வேண்டும். அணி வளர்வதற்குள் ஆள் போய்விடுகிறான் என்பதே விடை. பதினெட்டு வயதில் ஒருவன் அப்பாவின் போட்டில் தங்கலுக்குப் போகிறான். ஒரு தங்கல் வாரக்கணக்கு, பல சமயம் மாதத்தைத் தாண்டும். லீக் ஆட்டத்தன்று நம்முடைய ஸ்டாப்பர் லட்சத்தீவுப் பக்கம் சூரைக்குத் தூண்டில் போட்டுக்கொண்டிருப்பான். இன்னொருவன் வளைகுடாவுக்கு விமானம் ஏறுகிறான். நன்றாக ஆடுகிறவனைச் சென்னையில் வேலை தரும் டிபார்ட்மென்ட் அணிகள் கொண்டுபோகும்; இந்தியன் வங்கி, ஐ.சி.எஃப்., கஸ்டம்ஸ், தெற்கு ரயில்வே என்று அந்தப் பட்டியல் நீளும். அடுத்த திருவிழாவுக்கு அதே பையன் எதிர் அணியின் 'வெளியூர் ஆளாக' வந்து இறங்கி, தன்னை வளர்த்த கிளப்புக்கே கோல் அடிப்பான். அவனைத் திட்டுவதா, "எவன் வளத்த பயலாக்கும்!" என்று மார் தட்டுவதா என்று ரசிகருக்கு அரை நிமிஷம் குழப்பம் வரும். பிறகு இரண்டையும் செய்துவிடுவார்.

அணியைப் பற்றி நேர்மையான கேள்வி கேட்கிற ஒரே ஆள் வீரனின் அம்மா. "இதுல வேல கெடைக்குமா?" என்பது அந்தக் கேள்வி. கிடைக்கும் என்றால் பூட்ஸ் வாங்க நகை அடகுக்குப் போகும். ஆறு உட்பிரிவு ரசிகர்களின் மூன்று மணி நேர விவாதத்தைவிட அணிக்கு அதனால்தான் அதிகப் பயன்.

கோப்பை வாங்கிய இளம் அணிக்கு என்ன நேரும் என்பதற்குச் சென்னை சிட்டி நல்ல சான்று. கோயம்புத்தூர் நேரு ஸ்டேடியத்தைத் தாயகமாகக் கொண்டு ஆடிய அந்த அணியை சிங்கப்பூர்க்காரரான அக்பர் நவாஸ் பயிற்றுவித்தார். கோல் அடிக்க ஸ்பெயினிலிருந்து வந்த பெத்ரோ மான்சி. தேசிய அளவிலான ஐ-லீக்கின் 2018-19 பருவத்தில் அவர் மட்டும் 21 கோல். அவர்களோடு ஓடியாடிய தமிழ்ப் பையன்களில் குமரிக் கடற்கரையின் ரொமாரியோ ஜேசுராஜும் ஒருவர். ரொமாரியோ ஆடிய பிரேசில் உலகக் கோப்பை வாங்கிய 1994-க்குப் பிறகு இந்தக் கரையில் பிள்ளைகளுக்கு என்ன பெயர் வைத்தார்கள் என்பதை அவர் பெயரைக் கொண்டே ஊகிக்கலாம். 2019 மார்ச் 9-இல் மினர்வா பஞ்சாப்பை 3-1 என்று வென்று, ஈஸ்ட் பெங்காலை ஒரே ஒரு புள்ளியில் பின்தள்ளி, சென்னை சிட்டி சாம்பியன் ஆனது. தமிழ்நாட்டு அணி ஒன்று ஐ-லீக்கை வென்றது அதுவே முதல் முறை. அதன் பிறகு ஆட்டக்காரர்கள் ஒவ்வொருவராகப் பெரிய கிளப்புகளுக்குப் போனார்கள். சில வருஷங்களில் ஐ-லீக்கில் அந்த அணியே இல்லாமல் போயிற்று. "அதுக்குத்தாம்லே சொல்லுகேன், கப்பு வாங்கப்பிடாது" என்றார் நம்பாதவர். சாயக்கடையில் அவர் சொன்னது எதிர்ப்பில்லாமல் ஏற்கப்பட்ட அபூர்வ நாள் அது.

வளர்ந்த அணி சிதறிப்போகும் இந்த நோய் குமரிக் கடற்கரைக்கு மட்டும் உரியதல்ல. நெதர்லாந்தின் அஜாக்ஸ், சொந்தப் பள்ளியில் வளர்த்த பையன்களை வைத்து 1995-இல் மிலானை வென்று சாம்பியன்ஸ் லீக் கோப்பையை வாங்கியது. மாற்று ஆளாக இறங்கிக் கோல் அடித்த கிளைவர்ட்டுக்கு வயது 18. அதே வருஷம் டிசம்பரில், ஒப்பந்தம் முடிந்த வீரன் பழைய கிளப்புக்கு யாரும் பணம் கட்டாமலே வேறு கிளப்புக்குப் போகலாம் என்று ஐரோப்பிய நீதிமன்றம் தீர்ப்பளித்தது. சில வருஷத்தில் அந்த அணி சிதறியது. 2019-இல் மறுபடியும் ஓர் இளம் அணி அரையிறுதி வரை வந்தது. அந்தக் கோடையிலேயே டி யோங் பார்சிலோனாவுக்கும் டி லிக்ட் யுவென்டஸுக்கும் போனார்கள். இந்தியாவிலோ 'வளரும் அணி' என்றே அரசாணை போட்டதற்குச் சமமாக ஓர் அணியைக் கூட்டமைப்பு நடத்தியது. 2010-இல் தொடங்கிய இந்தியன் ஏரோஸ், இளைஞர்கள் மட்டும் ஆடி, அட்டவணையின் அடியில் நின்று, நடுவில் ஒரு முறை கலைந்து, மறுபடி பிறந்து, 2022-இல் ஒரேயடியாக மூடப்பட்டது. தந்திர நிபுணர் இவற்றையெல்லாம் அடுக்கிச் சொல்லி, "அஜாக்ஸும் நாமளும் ஒண்ணுதான் காக்கா" என்று முடிப்பார். அஜாக்ஸுக்குப் போனவர்களால் கோடிக்கணக்கில் பணம் வந்தது. இங்கே போனவன் போகும்போது கிளப்பின் பூட்ஸையும் கொண்டுபோனான் என்று நம்பாதவர் வேறுபாட்டைச் சுட்டிக்காட்டுவார்.

அபூர்வமாக ஊர் அணியும் கோப்பை வாங்குவது உண்டு. அன்றிரவு வெடி, பாட்டு, தெருத் தெருவாக ஊர்வலம். ரசிகர் ஊர்வலத்தின் முன்னால் போவார். மறுநாள் இவர் முகத்தில் ஒரு வெறுமை தெரியும். பேச ஒன்றும் இல்லை. ஜெயித்த பையன்களுக்கு இனி இரண்டு வருஷம் தர முடியாது, அவர்கள் வளர்ந்துவிட்டார்கள். மூன்றாம் நாள் சாயந்தரம் இவரை மைதானத்தின் மறுகோடியில், வெறுங்காலோடு பந்து தட்டும் பன்னிரண்டு வயதுப் பொடியன்களின் பக்கத்தில் காணலாம். நான்காம் நாள் சாயக்கடையில் சேதி வரும்: "பள்ளிக்கூடத்துப் பக்கத்து வீட்டுப் பயல பாத்தியளா? எடது காலு. இந்தியாவுக்கு ஆடுவான், எழுதி வச்சுக்கிடுங்க."

யாரும் எழுதி வைப்பதில்லை. பத்துப் பேரைப் பற்றி இவர் இப்படிச் சொன்னால் ஒன்பது பேர் போட்டிலோ வளைகுடாவிலோ ரயில்வே அலுவலகத்திலோ இருப்பார்கள். ஆனால் மாநில அணிக்கும் நாட்டு அணிக்கும் இந்தக் கரையிலிருந்து போனவர்கள், அவர்கள் காலில் பூட்ஸ் ஏறுவதற்கு முன்னே, இதே சாயக்கடையில், இதே வாக்கியத்தால் அறிமுகம் ஆனவர்களே. ஆகவே தேங்காய்ப்பட்டணம் பக்கம் போகிறவர்கள், ஒரு பொடியனைக் காட்டி "ரெண்டு வருஷம் கழிச்சுப் பாரு" என்று யாராவது சொன்னால் சிரிக்காமல், பையனின் பெயரைக் கேட்டு வைத்துக்கொள்வது நல்லது.